மிளகு மணக்கும் கோப்பை: ஒரு ஷிராஸ் ஆலையின் பின்வாசல் வழியே

விருந்தினருக்கு முன்பக்கத்தில் கண்ணாடிக் கதவும் மெல்லிய இசையும் உண்டு. நமக்கு அது வேண்டாம். பின்பக்கம் வாருங்கள், டிராக்டர் வந்து நிற்கிற வாசல் வழியாகத்தான் இன்று நம்மை உள்ளே விடப்போகிறார்கள்! செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு, சுவரோரம் குவிந்து கிடக்கும் ரப்பர் பூட்ஸில் உங்களுக்குச் சேரும் ஒரு ஜோடியைத் தேடிக்கொள்ளுங்கள். இடதும் வலதும் ஒரே அளவில் கிடைத்தால் அதிர்ஷ்டம்தான். நாசிக் மாவட்டம், திண்டோரி வட்டாரம். பிப்ரவரி மாதம். பொழுது இன்னும் சரியாகப் புலரவில்லை, ஆனால் முற்றத்தில் அதற்குள் மூன்று மொழிகளில் சத்தம்.

நம்மை அழைத்துப்போகிறவர் நம்மூர்ப் பிள்ளை. செஞ்சிக் கோட்டைப் பக்கம், மேல்மலையனூர்க்காரர். வேதியியல் படித்துவிட்டு இந்தச் சிறிய ஒயின் ஆலையின் ஆய்வுக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்தவர். "வாங்கக்கா, சீக்கிரம் வாங்க. வெயில் ஏறுறதுக்குள்ள பழம் உள்ள போயிடணும்" என்று முன்னால் ஓடுகிறார். கையைப் பாருங்கள்: மணிக்கட்டு வரை ஊதா. "சோப்பு, எலுமிச்சம்பழம், எதுக்கும் போகாது. சீசன் முடிஞ்சு நகம் வளர்ந்தாத்தான் போகும்" என்று சிரிக்கிறார்.

இதோ வந்துவிட்டது முதல் சரக்கு. பிளாஸ்டிக் கிரேட்டுகளில் ஷிராஸ் என்ற ஒயின் திராட்சையின் குலைகள், பனி ஈரத்தோடு. ஒன்றைப் பறித்து வாயில் போடுங்கள், யாரும் தடுக்கமாட்டார்கள். சின்னப் பழம், தடித்த தோல், உள்ளே கொட்டை. 2023-இல் புவிசார் குறியீடு வாங்கிய நம் கம்பம் பன்னீர் திராட்சையின் சதையும் சாறும் இதில் இல்லை. முதலில் தேன் போல ஓர் இனிப்பு, பிறகு தோலை மென்றதும் நாக்கை இழுத்துப் பிடிக்கும் துவர்ப்பு. தம்பி கொட்டையையும் கடிக்கச் சொல்கிறார். பச்சையாகக் கசந்தால் பழம் இன்னும் காத்திருக்க வேண்டும்; வறுத்த பயறு மாதிரி நொறுங்கினால் அறுவடைக்குத் தயார். கருவிகள் எத்தனை இருந்தாலும் தோட்டத்தில் கடைசித் தீர்ப்பு பல்லுக்குத்தான்!

தரம் பிரிக்கும் மேசையில் பெண்கள் இரண்டு வரிசையாக நிற்கிறார்கள். நகரும் பட்டையில் குலைகள் வந்துகொண்டே இருக்க, அவர்களின் விரல்கள் இலையை, சருகை, வதங்கிய பழத்தைப் பொறுக்கி எறிகின்றன. பேச்சு மட்டும் வேறு எங்கோ இருக்கிறது. யாருடைய மகளுக்கோ மாப்பிள்ளை பார்த்திருக்கிறார்கள்; மாப்பிள்ளையின் போட்டோ கைப்பேசியில் வரிசை முழுக்கப் போய்வருகிறது. மேற்பார்வை செய்யும் அம்மா "லவ்கர், லவ்கர்" (சீக்கிரம், சீக்கிரம்) என்று மராட்டியில் விரட்டிக்கொண்டே அந்தப் போட்டோவைத் தானும் ஒருமுறை பார்த்துவிடுகிறார். எனக்கு இந்த மேசையை விட்டு நகரவே மனமில்லை. இரண்டாயிரம் ரூபாய்க்கு விற்கிற பாட்டிலோ இருநூறு ரூபாய் பாட்டிலோ, ஓர் அழுகல் பழம் தப்பிப் போகாமல் காப்பது இந்த விரல்கள்தானே.

அடுத்து காம்பு நீக்கும் இயந்திரம். காதைப் பொத்திக்கொள்ளுங்கள். ஒரு பக்கம் காம்புகளைத் துப்புகிறது, இன்னொரு பக்கம் பழங்களைக் குழாய்க்குள் தள்ளுகிறது. தரையெல்லாம் பிசுபிசு. தேனீக்கள் நம்மைவிடச் சுறுசுறுப்பாக வேலை பார்க்கின்றன. ஒருவர் தண்ணீர்க் குழாயோடு நின்று ஓயாமல் கழுவிக்கொண்டிருக்கிறார். ஒயின் ஆலையில் பாதி வேலை கழுவுவதுதான் என்பதை எந்த விளம்பரமும் சொல்வதில்லை.

டேங்குகள் நிற்கும் கொட்டகைக்குள் நுழைந்ததும் அந்த வாசனை! ஈஸ்ட், வெந்த பழம், ஏதோ பூ, எல்லாம் ஒன்றாக மூக்கில் ஏறுகிறது. உள்ளே சாறு பொங்கல் பானை மாதிரி பொங்கிக்கொண்டிருக்கிறது. தோல்கள் மேலே மிதந்து தடித்த மூடியாகிவிடும். நிறமும் துவர்ப்பும் மணமும் அந்தத் தோலில் இருப்பதால், அதைக் காயவிடாமல் அடியிலிருந்து சாற்றை எடுத்து மேலே ஊற்றி நனைத்துக்கொண்டே இருக்க வேண்டும். பகலில் சில முறை, ராத்திரியிலும் அலாரம் வைத்து எழுந்து. ஏணியில் ஏறிக் குழாயைப் பிடித்திருப்பவருடைய பனியன் காலையிலேயே நனைந்துவிட்டது. நான் ஆசையாக எட்டிப் பார்க்கப் போனதும் தம்பி முழங்கையைப் பிடித்துவிட்டார். "தலையை உள்ள விடாதீங்கக்கா. மேல நிக்கறது முழுக்கக் கரியமில வாயு. மயக்கம் போட்டா யாரும் பிடிக்க முடியாது." இங்கே யாரும் தனியாக டேங்க் மேல் ஏறுவதில்லை, அந்த விதியில் மட்டும் விளையாட்டே கிடையாது.

ஆய்வுக்கூடம் தம்பியின் ராஜ்யம். மேசை மேல் சோதனைக் குழாய்கள், பாதி தின்ற பிஸ்கட் பாக்கெட், டேங்க் எண்களும் சர்க்கரை அளவும் கிறுக்கிய வெள்ளைப் பலகை. நூறு கிராம் சாற்றில் 23, 24 கிராம் சர்க்கரை இருந்தால் முகம் மலர்கிறது. குளிர்சாதனப் பெட்டியின் கதவில் அங்காளம்மன் படம். சிவராத்திரியை ஒட்டி வரும் மாசி அமாவாசையில்தான் மேல்மலையனூரில் மயானக்கொள்ளைத் திருவிழா. ஷிராஸ் வந்து குவிகிற நாளும் அதே நாள். "லீவு கேட்கவே வாய் வராதுக்கா. அம்மா வீடியோ கால்ல காட்டுவாங்க. நான் பம்ப்பை ஓடவிட்டுட்டு பார்ப்பேன்" என்கிறார். போன வருடம் கைப்பேசியில் வந்த பம்பை மேளச் சத்தத்தைக் கேட்டு மராட்டியத் தோழர்களும் ஓடிவந்து சுற்றி நின்று பார்த்தார்களாம்.

இப்போது பீப்பாய் அறை. வெளியே வியர்த்தவர்களுக்கு இந்தக் குளிர் பேரின்பம்! ஒரு பீப்பாயில் 225 லிட்டர், கிட்டத்தட்ட முந்நூறு பாட்டில். கண்ணாடிக் குழாய் ஒன்றை மேல் துளை வழியே இறக்கி, கட்டைவிரலால் மூடித் தூக்கி, நம் கோப்பையில் விடுகிறார். கறுப்பில் தோய்ந்த ஊதா. விளிம்பில்தான் சிவப்பு தெரிகிறது. முகர்ந்ததும் நாவல்பழம். நிச்சயமாக நாவல். அதன் பின்னால் கிராம்பு. பீப்பாயின் ஓக் மரத்திலிருந்து வரும் யூஜெனால் என்ற பொருள்தான் கிராம்பிலும் மணக்கிறது, அதனால் இது வெறும் கற்பனை இல்லை. பக்கத்துப் பீப்பாய் அமெரிக்க ஓக். அதில் வனிலாவும் லேசாகத் தேங்காயும். ஒரே தோட்டம், ஒரே நாள் பறித்த பழம், இரண்டு பீப்பாயில் இரண்டு குணம்!

குடிக்கவில்லை, துப்புகிறோம். தரை நடுவில் ஓடும் வடிகாலைக் குறி பார்த்துத் துப்புவதில் இங்கே ஒரு போட்டியே நடக்கிறது. ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிற அண்ணன்தான் சாம்பியன்.

"இப்ப கோப்பையைச் சுழற்றிட்டு மறுபடி மோந்து பாருங்க" என்கிறார் தம்பி. அந்த மணம் மூக்குக்குத் தடைபோடக் கூடாதென்று காலையிலேயே என் தலையிலிருந்த மல்லிகைச் சரத்தைக் கழற்றி வாங்கி வைத்துவிட்டார். சுழற்றுகிறேன். மிளகு! அப்போதுதான் அம்மியில் தட்டிய மிளகு. நல்ல ஷிராஸின் கையொப்பம் இது. ரொட்டண்டோன் என்ற பொருள் செய்கிற வேலை. ஒயினில் இருப்பதும் மிளகில் இருப்பதும் அதேதான் என்று ஆஸ்திரேலிய ஒயின் ஆய்வு நிறுவனத்தார் 2008-இல் வெளியிட்டார்கள். ஒரு லிட்டர் ஒயினில், ஒரு கிராமின் நூறு கோடியில் பதினாறு பங்கு இருந்தாலே மூக்குக்கு எட்டிவிடும். இதைவிட எனக்குத் தலைகால் புரியாத மகிழ்ச்சி தந்த செய்தி வேறு. அந்தப் பொருளை முதன்முதலில் கண்டது மிளகிலும் இல்லை, திராட்சையிலும் இல்லை, கோரைக்கிழங்கில்! ஏரிக்கரையிலும் வயலிலும் களையாகப் பிடுங்கி எறிகிற, குளியல் பொடியில் அரைத்துச் சேர்க்கிற அதே கோரைக்கிழங்கு. மேல்மலையனூர் வயல்வரப்பில் வளர்ந்த மூக்கு இங்கே வேலை பார்ப்பது எவ்வளவு பொருத்தம்!

வேடிக்கை என்னவென்றால், ஐந்தில் ஒருவருக்கு இந்த மணம் தெரியவே தெரியாது. எத்தனை அடர்த்தியாக இருந்தாலும் சரி. நம் துப்பும் சாம்பியன் அந்த ஐந்தில் ஒருவர். "நாவல்பழம் இருக்கு, மிளகு எங்கே இருக்கு? எல்லாரும் சேர்ந்து என்னை ஏமாத்துறீங்க" என்று வருடா வருடம் சண்டை.

விலை உயர்ந்த ஷிராஸுக்குப் பின்னால் எல்லா ஊரிலும் இப்படி ஒரு பின்வாசல் இருந்திருக்கிறது. எனக்குப் பிடித்தது ஆஸ்திரேலியக் கதை. பென்ஃபோல்ட்ஸ் நிறுவனத்தின் மாக்ஸ் ஷூபர்ட் 1951-இல் கிரேஞ்ச் என்ற ஒயினைச் சோதனையாகச் செய்தார். யாருக்கும் பிடிக்கவில்லை. 1957-இல் நிறுத்தச் சொல்லி மேலிடத்து உத்தரவு. மனிதர் மூன்று அறுவடைக் காலம் ரகசியமாகச் செய்து ஒளித்துவைத்தார்! பழைய பாட்டில்கள் முதிர்ந்து அருமையாகிவிட்டதை ருசித்த பிறகு மேலிடமே மறுபடி செய்யச் சொன்னது. இன்று உலகம் தேடி வாங்கும் ஷிராஸ்களில் அதுவும் ஒன்று. நம் நாட்டில் சுலாவின் ராசா ஷிராஸ், நந்தி மலையடிவாரத்துக் குரோவரின் கபர்னே–ஷிராஸ் கலவையான லா ரிசர்வ் என்று நல்ல பெயர்கள் வந்துவிட்டன. இந்திய ஷிராஸுக்குப் பழுத்த பழமும் மசாலாவும் முன்னால் நிற்கும் குணம் உண்டு. நம் சாப்பாட்டோடு அது சண்டை போடுவதில்லை.

கடைசியாக, கவிழ்த்த கிரேட் மேல் செய்தித்தாள் விரித்து ஒரு முதிர்ந்த பாட்டில் திறக்கிறார்கள். 16 முதல் 18 டிகிரி குளிர்ச்சி போதும், ஐஸ்பெட்டியில் உறைய வைக்க வேண்டாம். பீப்பாயில் முரட்டுத்தனமாக இருந்த துவர்ப்பு இதில் பட்டாகிவிட்டது; நாவலோடு உலர்ந்த பிளம், கொஞ்சம் புகை, கொஞ்சம் சாக்லேட், விழுங்கிய பிறகு தொண்டையில் நின்று நின்று போகும் மிளகு. இதற்கு என்ன சாப்பிடலாம் என்று கேட்டேன். தம்பி யோசிக்கவே இல்லை. "எங்கம்மா வைக்கிற மிளகு கறிக்கா. மட்டனை மண்சட்டியில சுண்டவிட்டு, கடைசியில மிளகு தூவுவாங்க."

சாம்பியன் அண்ணன் கோப்பையை நான்காவது முறையாக முகர்ந்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். "அந்தக் கறியோட கொடு, அப்ப மிளகு தெரியுதுன்னு ஒத்துக்கறேன். உங்கம்மாவை எப்ப வரச் சொல்ற?"