மானியமா, கடனா?

விழிஞ்ஞத்துக்குக் கொடுத்ததைத் திருப்பிக் கேட்கும் டெல்லி, தூத்துக்குடி விஷயத்தில் அப்படிக் கேட்கவில்லை.

பிரேசர் டவுனில் உட்கார்ந்துகொண்டு துறைமுகக் கணக்குப் பார்ப்பது விசித்திரம்தான். சாலை வழியே போனால் கடல் 300 கி.மீ.க்கும் அப்பால். ஆனால் பெங்களூர் வியாபாரிக்கும் அந்தக் கணக்கில் பங்கு உண்டு. இங்குள்ள ஏற்றுமதிச் சரக்கில் கணிசமான பகுதி ஒயிட்பீல்டு கன்டெய்னர் முனையத்தில் ரயிலேறிச் சென்னை போகிறது. அங்கிருந்து பல பெட்டிகள் கொழும்பிலோ சிங்கப்பூரிலோ பெரிய கப்பலுக்கு மாறுகின்றன. இப்படிக் கப்பல் மாறும் இந்தியச் சரக்கில் சுமார் 75 சதவீதம் வெளிநாட்டுத் துறைமுகங்களில்தான் கையாளப்பட்டு வந்தது. அதற்கான கட்டணமும் அங்கேயே போய்விடும்.

இதற்கு மாற்றாக வந்ததுதான் திருவனந்தபுரத்துக்குத் தெற்கே உள்ள விழிஞ்ஞம். இயற்கையிலேயே ஆழமான கடல். சர்வதேசக் கப்பல் பாதை சுமார் 10 கடல் மைல் தூரத்தில். 2015 ஆகஸ்டில் கேரள அரசு அதானி குழுமத்துடன் ஒப்பந்தம் போட்டது. 2024 ஜூலையில் முதல் தாய்க் கப்பல் வந்தது. 2025 மே 2-ல் பிரதமர் மோடி நாட்டுக்கு அர்ப்பணித்தார்.

முதல் கட்டச் செலவு ரூ. 8,867 கோடி. இதில் மாநில அரசின் பங்கு ரூ. 5,595 கோடி, அதானியின் பங்கு ரூ. 2,454 கோடி. 'தனியார் துறைமுகம்' என்று சொல்பவர்கள் இந்த இரண்டு எண்களையும் இன்னொரு முறை படிக்கலாம். கடலுக்குள் நீளும் சுமார் 3 கி.மீ. அலைத்தடுப்புச் சுவரும் மாநிலத்தின் பணத்தில் எழுந்ததுதான்.

மீதி ரூ. 817.80 கோடி மத்திய அரசுடையது. பெயர், 'நம்பகத்தன்மை இடைவெளி நிதி'. நாட்டுக்குத் தேவை, ஆனால் லாபம் போதாது என்ற திட்டங்களின் பள்ளத்தை நிரப்பும் மானியம். மானியம் என்றால் திரும்பக் கேட்கக் கூடாது. ஆனால் மாநிலத்துக்குக் கிடைக்கும் வருவாயிலிருந்து, நிகர இன்றைய மதிப்புக் கணக்கில் திருப்பித் தர வேண்டும் என்றது டெல்லி. அப்படியானால் ரூ. 10,000 கோடி முதல் 12,000 கோடி வரை ஆகிவிடும் என்று முதல்வர் பினராயி விஜயன் கடிதம் எழுதினார். தூத்துக்குடி வெளித் துறைமுகத்துக்கு ரூ. 1,411 கோடி தரும்போது ஏன் இந்த நிபந்தனை இல்லை என்றும் கேட்டார்.

டெல்லியின் பதில் எளிது: தூத்துக்குடி வ.உ.சி. துறைமுகம் மத்திய அரசின் சொத்து, விழிஞ்ஞம் மாநிலத்தின் சொத்து. சட்டப்படி சரியாக இருக்கலாம். ஆனால் எந்தத் துறைமுகம் அந்நியச் செலாவணியை மிச்சப்படுத்தினாலும் நாட்டுக்குத்தானே லாபம்? கடைசியில் கேரளம் பணிந்தது. 2025 ஏப்ரலில் கையெழுத்தான ஒப்பந்தப்படி, மாநிலத்தின் வருவாய்ப் பங்கில் 20 சதவீதம் டெல்லிக்குப் போகும். அந்த வருவாயே 2034-ல்தான் தொடங்கும்.

இந்தக் கணக்கு எதிலும் வராதவர்கள் மீனவர்கள். கரை அரிக்கிறது, வீடுகள் போகின்றன என்று 2022-ல் துறைமுக வாசலை மறித்துப் பல மாதங்கள் போராடி, டிசம்பரில் நிறுத்தினார்கள். கர்நாடகத்திலும் அங்கோலா அருகே கேணியில் ரூ. 4,119 கோடிக்கு ஒரு துறைமுகம் திட்டமிடப்பட்டு, 2023-ல் ஜே.எஸ்.டபிள்யூ. நிறுவனத்துக்குத் தரப்பட்டிருக்கிறது. அங்கேயும் மீனவர்கள் கரையில் இறங்கிவிட்டார்கள்.