மூணாறு வீட்டுக் குளிருக்கு விறகா, கரண்டா?

பழைய ஓட்டு வீட்டுக்காரர் ஒருவர் டீக்கடையில் கேட்டார்: “அண்ணாச்சி, ஏசியிலேயே சூடும் வருதாமே, விறகை விட்டுறலாமா?”

விடலாம், ஆனால் முழுசாக விடக் கூடாது. காரணத்தைப் பொறுமையாகப் பார்ப்போம்.

மூணாறு குளிர் என்றால் எல்லோரும் ஜனவரியைத்தான் நினைக்கிறார்கள். செண்டுவாரையில் பூஜ்யம், லக்ஷ்மி எஸ்டேட்டில் உறைபனி என்று பேப்பரில் படம் வரும். அது சில வாரம்தான். பகலில் வெயிலும் அடிக்கும். வீட்டுக்கு உண்மையான சோதனை ஜூன் முதல் ஆகஸ்ட் வரை. சுவர் வியர்க்கும், துணி காயாது, கம்பளியிலும் பூஞ்சணம் பிடிக்கும். எதை வாங்கினாலும் இந்த மூன்று மாதத்தை வைத்துத்தான் கணக்குப் போட வேண்டும்.

ஏசியில் சூடு தரும் ஹீட் பம்ப் புது மாயம் இல்லை. ஃபிரிட்ஜின் பின்பக்கம் கை வைத்தால் சூடு தெரியுமே, அதே வேலை. வெளிக்காற்றில் இருக்கும் கொஞ்ச வெப்பத்தை வாயு ஒன்று உறிஞ்சிக்கொள்ளும். கம்ப்ரசர் அதை அழுத்திச் சூடாக்கி அறைக்குள் விடும். கடையில் ‘ஹாட் அண்ட் கோல்ட்’ ஏசி என்று விற்பது இதைத்தான். சுருள் கம்பி ஹீட்டர் ஒரு யூனிட் கரண்டுக்கு ஒரு யூனிட் சூடுதான் தரும். இது ஏறக்குறைய மூன்று தரும். மழைக்காலத்து 14, 15 டிகிரியில் நிம்மதியாக ஓடும். பூஜ்யத்தை ஒட்டிய ஈரக் குளிரில்தான் வெளிப்பெட்டியில் பனி கட்டும். அதை உருக்க இடையிடையே சூடு தருவதை நிறுத்திக்கொள்ளும். பழுது என்று பயப்பட வேண்டாம்.

இனி விறகு. இங்கே விறகென்றால் கிராண்டிஸ் என்னும் யூகலிப்டஸ்தான். தேயிலை ஆலைக்கும் தொழிலாளர் லயத்து அடுப்புக்கும் எரிக்கவென்றே எஸ்டேட்டுகள் அதை வளர்த்தன. நன்றாகக் காய்ந்த விறகு ஒரு கிலோவில் சுமார் 4 யூனிட் சூடு இருக்கிறது. புகைபோக்கி வைத்த மூடிய இரும்பு அடுப்பு அதில் 60 சதவீதத்தையாவது அறைக்குக் கொடுக்கும். வெள்ளைக்காரன் பங்களாவில் கட்டிய திறந்த கணப்பு 10, 15 சதவீதம் கொடுத்தால் பெரிது. மீதி புகைக்கூண்டு வழியே வானத்துக்குப் போகிறது. பார்க்க அழகு, அவ்வளவுதான்.

மாலையில் நான்கு மணி நேரம் ஒரு டன் மெஷின் ஓடினால் சுமார் 4 யூனிட் கரண்டு, 12 யூனிட் சூடு. அதே சூட்டுக்கு இரும்பு அடுப்பில் 5 கிலோ விறகு, திறந்த கணப்பில் 20 கிலோவுக்குக் குறையாது. மாதம் 120 யூனிட் கூடும். கேரள மின்வாரியக் கணக்கில் 250 யூனிட்டைத் தாண்டினால் முதல் யூனிட்டிலிருந்தே உயர்ந்த விகிதம் விழும். ஆகவே பழைய பில்லை எடுத்துப் பார்த்துவிட்டு வாங்குங்கள். பழைய வயரிங்கில் மாட்டாதீர்கள், தனி லைன் இழுங்கள்.

இன்னொன்று. 1940-லேயே பள்ளிவாசலில் மின்சாரம் எடுத்த ஊர் இது. இருந்தும் ஆடி மழையில் ஒரு மரம் கம்பியில் சாய்ந்தால் ராத்திரி முழுக்க இருட்டுதான். விறகை முழுசாக விடாதீர்கள் என்றது இதற்காக. அதற்காக மூடிய அறைக்குள் கரிச்சட்டி வேண்டவே வேண்டாம். அதில் வரும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. தூங்குகிறவர் எழுந்திருக்க மாட்டார். புகைபோக்கி உள்ள இரும்பு அடுப்பு ஒன்று போதும்.

ஆனால் இந்த இரண்டுக்கும் முன்னால் ஓட்டுக்கும் சுவருக்கும் நடுவே உள்ள இடைவெளியைப் பாருங்கள். படுக்கும் அறை ஒன்றுக்கு மட்டும் சீலிங் அடித்து, ஜன்னல் சந்துகளை அடைத்தால் பாதிக் குளிர் அங்கேயே நின்றுவிடும். வீடு முழுக்கச் சூடாக்கப் பார்ப்பவர் மூணாறு மலைக்கே கணப்புப் போடுகிறார்.

விறகை ஜனவரியிலேயே வெட்டிப் பிளந்து, கூரைக்கடியில் காற்றோட்டமாக அடுக்கிவிடுங்கள். மே மாதத்தில் வாங்கும் பச்சை விறகு ஜூலையில் புகையத்தான் செய்யும்.