சிலந்திக்கடி: கடிவாயைவிட மூச்சைக் கவனியுங்கள்

புளி உலுக்க மரம் ஏறும்போதும், சோளத்தட்டுப் போரைப் பிரிக்கும்போதும், நிலக்கடலைச் செடி பிடுங்கும்போதும் எட்டுக்கால் பூச்சி கடிப்பது தருமபுரி மாவட்ட விவசாயிகளுக்குப் புதிதல்ல. பெரும்பாலும் சிறிது வீக்கம், எரிச்சல், அரிப்புடன் ஓரிரு நாளில் அடங்கிவிடும். மிகச் சிலருக்கு மட்டும் அது கடும் ஒவ்வாமையாக மாறும். அப்படி மாறினால் சில நிமிடங்களில் உயிருக்கே ஆபத்தாகிவிடும். தேனீ, குளவி, கதண்டு கொட்டும்போது இந்த ஆபத்து இன்னும் அதிகம். எது கடித்தாலும், எது கொட்டினாலும் ஒவ்வாமையின் அறிகுறிகள் ஒன்றுதான்.

எது சாதாரணம்? எது ஆபத்து?

கடித்த இடத்தில் மட்டும் சிவப்பு, வீக்கம், வலி இருந்தால் பதற வேண்டாம். சோப்புப் போட்டுக் கழுவுங்கள். துணியில் சுற்றிய ஐஸ் கட்டியை 10 நிமிடம் வையுங்கள். மோதிரம், வளையல், மெட்டியைக் கழற்றிவிடுங்கள்.

கடிபடாத இடங்களில் மாற்றம் தெரிந்தால் கவனமாக இருங்கள். உடல் முழுவதும் தடிப்பு, உதடு, நாக்கு, முகம் வீங்குதல், தொண்டை அடைப்பு, குரல் கம்முதல், இளைப்பு, வாந்தி, தலைசுற்றல், மயக்கம் ஆகியவை கடும் ஒவ்வாமையின் அறிகுறிகள். உடனே 108-ஐ அழையுங்கள்.

வண்டி வரும்வரை பாதிக்கப்பட்டவரைப் படுக்க வைத்து, கால்களைச் சற்று உயர்த்துங்கள். மூச்சு வாங்கினால் சாய்ந்து உட்காரட்டும். வாந்தி எடுத்தாலோ நினைவு தவறினாலோ ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். எழுந்து நடக்க விடாதீர்கள்.

இதற்கு உயிர் காக்கும் மருந்து தொடையில் போடப்படும் அட்ரினலின் ஊசி. அவில், செட்ரிசின் மாத்திரைகள் அரிப்பைக் குறைக்கும், மூச்சுத்திணறலைத் தடுக்காது. மாத்திரை போட்டுவிட்டுக் காத்திருக்க வேண்டாம். ஊசிக்குப் பிறகு உடல் தேறினாலும் அறிகுறிகள் சில மணி நேரத்தில் திரும்ப வரலாம். மருத்துவர் சொல்லும்வரை மருத்துவமனையிலேயே இருங்கள்.

கீறாதீர்கள், கட்டாதீர்கள்

அசாம் மாநிலம் தின்சுகியா மாவட்டத்தில் உள்ள சதியா பகுதியில் 2012 மே மாதம் பெரிய சிலந்திகள் பலரைக் கடித்தன. 2 பேர் இறந்ததாகச் செய்திகள் வெளிவந்ததும் ஊரே பீதியடைந்தது. ஆனால், இறந்தவர்களுக்கு நாட்டு வைத்தியர்கள் கடிவாயை பிளேடால் கீறி ரத்தம் வெளியேற்றியிருந்தார்கள். சிலந்தியின் விஷத்தைவிட அந்த வைத்தியமே உயிரைப் பறித்திருக்கலாம் என்று மருத்துவர்கள் சந்தேகித்தனர். கீறுவது, வாயால் உறிஞ்சுவது, சுடுவது, இறுகக் கட்டுவது எதுவும் விஷத்தை எடுக்காது. புண்ணில் சீழ் பிடிக்கவும் ரத்தப்போக்கு ஏற்படவும்தான் வழி செய்யும்.

சிலந்திதானா?

கடித்ததைக் கண்ணால் பார்க்காவிட்டால் சிலந்தி என்று முடிவு கட்டாதீர்கள். கட்டுவிரியன் கடித்தால் வலியும் தடயமும் பெரிதாக இருக்காது. சந்தேகம் இருந்தால் பாம்புக்கடியாகவே கருதி மருத்துவமனைக்குச் செல்லுங்கள். சில நாட்கள் கழித்துக் காய்ச்சலும், உடலில் கருப்புப் பொருக்கும் தெரிந்தால் அது உண்ணிக்காய்ச்சலாக இருக்கலாம். மருத்துவரிடம் அந்தப் பொருக்கைக் காட்டுங்கள்.

சிலந்தியைக் கொல்ல மருந்தடிக்காதீர்கள்

பயந்துபோய் வயலில் பூச்சிக்கொல்லி அடித்தால் நட்டம் உங்களுக்குத்தான். நெல் வயலில் ஓர் ஓநாய்ச் சிலந்தி ஒரு நாளில் 5 முதல் 15 பூச்சிகள் வரை தின்னும். புகையானையும் தத்துப்பூச்சியையும் செலவில்லாமல் கட்டுப்படுத்துவது அதுதான். சிலந்தி தேடி வந்து கடிப்பதில்லை. உடலில் நசுங்கும்போதுதான் கடிக்கிறது. எனவே முழுக்கைச் சட்டை போடுங்கள். தட்டுப் போரை முதலில் குச்சியால் தட்டுங்கள். சாக்கு, செருப்பை உதறிய பிறகு பயன்படுத்துங்கள். மரப்பொந்தில் வெறுங்கையை விடாதீர்கள்.

ஒருமுறை கடும் ஒவ்வாமை வந்தவருக்கு அடுத்த முறையும் வரலாம். அப்படிப்பட்டவர்கள் உடன் வேலை செய்பவர்களிடம் அதைச் சொல்லி வையுங்கள். வத்தல்மலை, சித்தேரி போன்ற மலைக் கிராமங்களில் ஆம்புலன்ஸ் வந்து சேர நேரமாகும். அங்கே ஒருவரைப் படுக்க வைத்துக் கொண்டுசெல்லக்கூடிய வண்டி யாரிடம் இருக்கிறது என்று இப்போதே பேசி வையுங்கள். அந்த எண்ணையும், அருகில் உள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தின் எண்ணையும் மோட்டார் அறைச் சுவரில் பெரிதாக எழுதுங்கள்.