பாதியில் நிற்கும் கொப்பிகள்

நமதூரில் பாதி எழுதிய கொப்பிகளுக்குக் குறைவில்லை. குடும்ப வரலாறு, உம்மம்மார் பாடிய கவிகளின் தொகுப்பு, அரபு மொழிப் பயிற்சி என்று எத்தனையோ. தவணை விடுமுறையில் தொடங்கும். பாடசாலை திறந்ததும் அலுமாரிக்குள் போய்விடும்.

இதைச் சோம்பல் என்று சொல்வதை நான் ஏற்பதில்லை. ஆசிரியர் கலாசாலையில் நாங்கள் பயிலுனர்களாக இருந்தபோது, செயல்நிலை ஆய்வை எல்லோரும் உரிய நாளில் ஒப்படைத்தோம். அதே ஆட்கள்தான் சொந்த வேலையைப் பாதியில் விடுகிறார்கள். அங்கே வேலைக்கு ஓர் எல்லை இருந்தது: ஒரு வகுப்பு, ஒரு பிரச்சினை, சில வாரங்கள். பார்த்துக் கையொப்பமிட விரிவுரையாளர் இருந்தார். சொந்த வேலைக்கு இவை இரண்டும் கிடையாது. நாமேதான் உண்டாக்கிக்கொள்ள வேண்டும்.

திருக்குர்ஆனைத் தமிழாக்கிய அப்துல் ஹமீத் பாகவி அவர்களைப் பாருங்கள். முதற் பகுதி 1929 இல் அச்சில் வந்தது. முழுவதும் வெளிவர 1949 ஆகிவிட்டது. இருபது வருடங்கள், நடுவில் ஓர் உலகப் போர். முழுவதும் முடியட்டும் என்று அவர் முதற் பகுதியைப் பெட்டியில் வைத்திருக்கவில்லை. அது வாசகர் கைக்குப் போனதும், 'அடுத்தது எப்போது?' என்று கேட்க ஆட்கள் வந்திருப்பார்கள் என்பது என் எண்ணம். அந்தக் கேள்வி ஒரு மனிதனை எழுத்துமேசைக்குத் திரும்ப அழைத்துவரும்.

எல்லாவற்றையும் ஒருவரே முடிக்க ஆயுள் இடம் தராது என்பதும் உண்மை. உமறுப் புலவரின் சீறாப்புராணம் மூன்று காண்டங்கள், ஐயாயிரத்துக்கு மேற்பட்ட பாடல்கள். ஆனாலும் நபி (ஸல்) அவர்களின் வாழ்வு முழுவதையும் அது சொல்லி முடிக்கவில்லை. மீதியைப் பனீ அகமது மரைக்காயர் 'சின்ன சீறா' என்று பாடினார். படலம் படலமாக ஒழுங்காக நின்றதால்தான் இன்னொருவரால் அங்கிருந்து எடுக்க முடிந்தது. நமது கொப்பிகளை நாம் மௌத்தானால் யார் விளங்கிக்கொள்வார்?

2009 இல் பாலம் திறக்கும்வரை நாம் பாதையில்தான் கடந்தோம். இன்று என் வகுப்பில் இருக்கும் பிள்ளைகள் ஒருவரும் அந்தப் பயணத்தைக் கண்டதில்லை. மூத்தவர்களிடம் கேட்டு எழுதத் தொடங்கியபோது நான் 'கிண்ணியா வரலாறு' என்று தலைப்பிடவில்லை. பாதைத்துறை மட்டும், பத்துப் பேர், ஆளுக்கு நான்கு பக்கம். ஒருவர் சொன்னதை எழுதி, அவருக்கே வாசித்துக் காட்டி, திருத்தி, ஒரு பிரதியை அவர் வீட்டில் கொடுத்த பிறகுதான் அடுத்தவரிடம் போனேன். எழுதும்போது வேறு யோசனைகள் வரத்தான் செய்யும். (புதிய யோசனை எப்போதும் பழைய வேலையைவிட அழகாகத் தெரியும்.) அவற்றுக்கென்று தனியாக இரண்டாவது கொப்பி ஒன்று வைத்திருந்தேன்.

பத்துப் பேரில் இருவர் இப்போது இல்லை. அவர்கள் சொன்ன பக்கங்கள் பிள்ளைகளிடம் இருக்கின்றன.

கடைசி ஆளுக்கு வாசித்துக் காட்டியபோது, "காத்துக் காலத்துல பாதை நின்ட கதைய உட்டுட்டீங்களே சேர்" என்றார். அதை இரண்டாவது கொப்பியில் குறித்துக்கொண்டேன்.