அரசுப் பயணத்தில் சேரும் 'மைல்' புள்ளிகள்: பலன் யாருக்கு?

புது தில்லி: அரசு செலவில் விமானத்தில் பறக்கும் அதிகாரியின் கணக்கில் சேரும் 'மைலேஜ்' புள்ளிகள் அரசுக்கே உரியவை; அவற்றைச் சொந்தப் பயணத்துக்குப் பயன்படுத்தினால் துறை ரீதியான நடவடிக்கை எடுக்கப்படும். மத்திய நிதி அமைச்சகத்தின் செலவினத் துறை 2008 செப்டம்பர் 23-ம் தேதி வெளியிட்ட குறிப்பாணை இதைத் திட்டவட்டமாகக் கூறுகிறது. ஏழாவது ஊதியக் குழுவின் பரிந்துரைகளை அடுத்து 2017 ஜூலை 13-ம் தேதி வெளியான பயணப்படி விதிகளிலும் இதே நிபந்தனை இடம்பெற்றுள்ளது.

விதி தெளிவாகவே உள்ளது. அதை நிறைவேற்றும் வழிதான் தெளிவாக இல்லை.

விமான நிறுவனங்களின் புள்ளித் திட்டங்களில் பயணியின் பெயரில்தான் கணக்கு தொடங்கப்படுகிறது. பயணச்சீட்டுக்குப் பணம் கொடுப்பது அமைச்சகம். புள்ளிகள் போய்ச் சேருவது அதிகாரியின் தனிக் கணக்குக்கு. எத்தனை புள்ளிகள் சேர்ந்தன, எத்தனை செலவாயின என்பதை அந்த அதிகாரி சொன்னால்தான் அமைச்சகத்துக்குத் தெரியவரும். ஓர் அதிகாரியின் கணக்கில் உள்ள புள்ளிகளை மற்றோர் அதிகாரியின் கணக்குக்கு மாற்றுவதும் எளிதல்ல.

ஆகவே, மூன்றில் ஒன்று நடக்கிறது. நேர்மையான அதிகாரி அடுத்த அலுவல் பயணத்துக்கே புள்ளிகளைப் பயன்படுத்தி அரசுக்குச் செலவைக் குறைக்கலாம். விதியைப் பொருட்படுத்தாதவர் குடும்பத்துடன் சுற்றுலா செல்லலாம். இரண்டும் இல்லையெனில், குறிப்பிட்ட காலத்துக்குள் பயன்படுத்தப்படாத புள்ளிகள் காலாவதியாகின்றன. மூன்றாவதில் அதிகாரிக்கும் பலனில்லை, அரசுக்கும் பலனில்லை. லாபம் விமான நிறுவனத்துக்கே.

ஏர் இந்தியா காலமும் பிறகும்

அரசு செலவிலான விமானப் பயணம் அனைத்தும் ஏர் இந்தியாவிலேயே இருக்க வேண்டும் என்று 2009 ஜூலையில் உத்தரவிடப்பட்டது. அதன் பிறகு புள்ளிகள் பெரும்பாலும் ஒரே நிறுவனத்தில், அதுவும் அரசுக்குச் சொந்தமான நிறுவனத்தில் சேர்ந்தன. புள்ளிகள் வீணானாலும் அரசின் ஒரு பையிலிருந்து இன்னொரு பைக்குப் போனதாகக் கொள்ள இடமிருந்தது.

அந்த நிலை இன்று இல்லை. 2021 அக்டோபரில் ரூ.18,000 கோடி ஏலத்தில் வென்ற டாடா குழுமத்திடம் 2022 ஜனவரி 27-ம் தேதி ஏர் இந்தியா ஒப்படைக்கப்பட்டது. 2022 ஜூன் மாத உத்தரவின்படி, அரசு ஊழியர்கள் பால்மர் லாரி, அசோக் டிராவல்ஸ், ஐ.ஆர்.சி.டி.சி. ஆகிய மூன்று முகவர்களிடம் மட்டுமே பயணச்சீட்டு பெற வேண்டும்; பயணத்துக்குக் குறைந்தது 21 நாள்களுக்கு முன்பே, தகுதிக்குரிய வகுப்பில் மிகக் குறைந்த கட்டணத்தைத் தேர்வு செய்ய வேண்டும். இதனால் கட்டணச் செலவு கட்டுப்படுகிறது. ஆனால், புள்ளிகள் பல தனியார் நிறுவனங்களில் சிதறிச் சேர்கின்றன. எந்த ஒரு கணக்கிலும் இலவசச் சீட்டு வாங்கும் அளவுக்குச் சேராமல் போகும் வாய்ப்பும் அதிகரித்துள்ளது.

நாடாளுமன்ற உறுப்பினர்களின் நிலை வேறு. நிதி அமைச்சகத்தின் குறிப்பாணை அரசு ஊழியர்களுக்கானது. எம்.பி.க்களின் பயணமோ 1954-ம் ஆண்டின் ஊதியம், படிகள், ஓய்வூதியச் சட்டத்தின் கீழ் வருகிறது. கூட்டத் தொடர்களுக்கு வந்து செல்லும் பயணங்கள் நீங்கலாக, ஆண்டுக்கு 34 ஒருவழி விமானப் பயணங்களுக்கு அச்சட்டம் வழிசெய்கிறது. தொலைதூரத் தொகுதி உறுப்பினர் ஒருவரின் பெயரில் ஐந்தாண்டுகளில் சேரக்கூடிய புள்ளிகள் அற்பமானவை அல்ல என்பது குறிப்பிடத்தக்கது.

ஜெர்மனியும் அமெரிக்காவும்

இந்தக் கேள்வி வேறு நாடுகளில் அரசியல் புயலையே கிளப்பியிருக்கிறது. ஜெர்மனியில் 2002 கோடையில், அலுவல் பயணத்தில் சேர்ந்த புள்ளிகளை அரசியல் தலைவர்கள் சொந்தப் பயணத்துக்குப் பயன்படுத்தியது அம்பலமானது. பெர்லின் மாநகர அரசில் பொருளாதாரப் பொறுப்பு வகித்த கிரிகோர் கீசி பதவி விலகினார். பசுமைக் கட்சியின் செம் ஓஸ்டெமிரும் பொறுப்பிலிருந்து ஒதுங்க நேர்ந்தது.

அமெரிக்கா நேர்மாறான பாதையில் சென்றது. புள்ளிகள் அரசுக்கே உரியவை என்ற பழைய விதியை அமல்படுத்தும் செலவும் சிரமமும் பலனைவிட அதிகம் என்று அங்கு கருதப்பட்டது. 2001 டிசம்பரில் இயற்றப்பட்ட சட்டத்தின் மூலம், அலுவல் பயணப் புள்ளிகளைச் சொந்த உபயோகத்துக்கு வைத்துக்கொள்ள மத்திய அரசு ஊழியர்கள் அனுமதிக்கப்பட்டனர். இந்தியா ஜெர்மனியின் கண்டிப்பை ஏட்டில் வைத்துள்ளது. அதைச் செயல்படுத்தும் ஏற்பாடுதான் இல்லை.

புள்ளியின் மதிப்பு என்ன?

அதிகாரிகளின் பிரச்சினை இப்போது நடுத்தர வர்க்கத்தின் பிரச்சினையாகவும் ஆகியுள்ளது. நாட்டில் புழக்கத்தில் உள்ள கடன் அட்டைகளின் எண்ணிக்கை 2024 பிப்ரவரியில் 10 கோடியைத் தாண்டியது. பயணப் புள்ளிகளே பல அட்டைகளின் முக்கியக் கவர்ச்சி.

புள்ளியின் மதிப்பைக் கணக்கிடும் முறை எளிது. ரொக்கமாக வாங்கினால் ரூ.24,000 ஆகும் ஒரு பயணச்சீட்டு, 40,000 புள்ளிகளுக்கும் வரி, கட்டணங்களாக ரூ.4,000-க்கும் கிடைப்பதாகக் கொள்வோம். மிச்சமாகும் ரூ.20,000-ஐ 40,000-ஆல் வகுத்தால் ஒரு புள்ளி 50 காசு. அதே புள்ளிகளுக்கு 25 காசு வீதம் வங்கி பணமாக வரவு வைத்தால் கிடைப்பது ரூ.10,000 மட்டுமே. பரிசுப் பொருள் பட்டியலில் இதைவிடவும் குறைவாகக் கிடைப்பது உண்டு.

உயர் வகுப்புச் சீட்டுகளுக்கு மாற்றினால் புள்ளியின் மதிப்பு காகிதத்தில் பல மடங்காகத் தெரியும். ஆனால், சொந்தப் பணத்தில் ஒருபோதும் வாங்கியிராத சீட்டின் முழு விலையை 'மிச்சம்' என்று கணக்கிடுவது தன்னையே ஏமாற்றிக்கொள்வதாகும்.

கரையும் சேமிப்பு

புள்ளிகளுக்கு வட்டி கிடையாது, காப்பீடும் கிடையாது. மதிப்பை நிர்ணயிப்பதும் குறைப்பதும் வங்கியும் விமான நிறுவனமுமே. ஆக்சிஸ் வங்கியின் சாதாரண 'மேக்னஸ்' அட்டையில் 5 புள்ளிகளை 4 விமான மைல்களாக மாற்றலாம் என்றிருந்த விகிதம், 2023 செப்டம்பர் 1 முதல் 5-க்கு 2 எனப் பாதியாகக் குறைக்கப்பட்டது. பல ஆண்டுகளாகச் சேர்த்து வைத்தவர்களுக்கே இதில் இழப்பு அதிகம்.

விமான நிறுவனமே மறைந்துபோவதும் உண்டு. கிங்ஃபிஷர் 2012 அக்டோபரிலும், ஜெட் ஏர்வேஸ் 2019 ஏப்ரல் 17-ம் தேதியும் பறப்பதை நிறுத்தின. ஜெட் புள்ளித் திட்டம் தனி நிறுவனமாக இருந்ததால் வேறு பெயரில் தொடர்ந்தது. ஆனால், அதை நம்பிச் சேர்த்தவர்களுக்கு ஜெட் விமானம் இல்லை. 2024 நவம்பர் 12-ம் தேதி ஏர் இந்தியாவுடன் இணைந்த விஸ்தாராவின் பயணிகளுக்குப் புள்ளிகள் அப்படியே மாற்றித் தரப்பட்டன. எல்லோருக்கும் அந்த அதிருஷ்டம் வாய்ப்பதில்லை.

கட்டணங்களை மாற்றுவதானால் குறைந்தது ஒரு மாதம் முன்னறிவிப்புத் தர வேண்டும், மாற்றத்தை ஏற்காதவர் கூடுதல் கட்டணமின்றி அட்டையை ஒப்படைக்கலாம் என்று ரிசர்வ் வங்கியின் 2022 ஏப்ரல் வழிகாட்டுதல் கூறுகிறது. அட்டையை ஒப்படைக்கும் முன் புள்ளிகளைச் செலவிட்டுவிடுவது நல்லது.

வட்டியில் மூழ்கும் புள்ளிகள்

இவை அனைத்தையும்விடப் பெரிய ஆபத்து பாக்கி வைப்பது. ஒரு லட்சம் ரூபாய் செலவில் 2 சதவீத மதிப்புக்குப் புள்ளிகள் கிடைத்தால் அது ரூ.2,000. அந்த லட்சத்தை உரிய தேதியில் செலுத்தாமல் விட்டால், மாதம் 3.5 சதவீத வட்டியாக ரூ.3,500, அதன் மீது 18 சதவீத ஜி.எஸ்.டி. ரூ.630 என ஒரே மாதத்தில் ரூ.4,130 போய்விடும். கடன் அட்டை வட்டி ஆண்டுக்கு 30 சதவீதத்துக்கு மேல் இருக்கக்கூடாது என்ற தேசிய நுகர்வோர் ஆணையத்தின் 2008-ம் ஆண்டுத் தீர்ப்பை உச்ச நீதிமன்றம் 2024 டிசம்பர் 20-ம் தேதி ரத்து செய்துவிட்டது. அந்தக் கவசமும் இப்போது இல்லை.

புள்ளிகளுக்கான பணம் வானத்திலிருந்து வருவதில்லை. கடன் அட்டையில் நடக்கும் விற்பனைக்கு வணிகர் சுமார் 2 சதவீதம் கட்டணம் செலுத்துகிறார். அந்தச் சுமை பொருளின் விலையில் ஏறும்போது, ரொக்கம் கொடுத்து வாங்கும் ஏழையும் அதில் பங்கேற்கிறார். யு.பி.ஐ., ரூபே டெபிட் அட்டைப் பரிவர்த்தனைகளுக்கு இந்தக் கட்டணம் 2020 ஜனவரி 1 முதல் இல்லை. அவற்றில் அதிகப் புள்ளிகள் கிடைக்காததற்கும் அதுவே காரணம்.

எனவே, தனிநபருக்கான வழி நேரானது: பாக்கியை முழுமையாகச் செலுத்துவது, புள்ளிகளைக் குவித்து வைக்காமல் ஓரிரு ஆண்டுகளுக்குள் பயன்படுத்துவது, எந்தப் பயணம் என்று முடிவான பின்னரே புள்ளிகளை விமான மைல்களாக மாற்றுவது. ஒருமுறை மாற்றினால் பெரும்பாலும் திரும்பப் பெற முடியாது.

அரசுக்கும் வழி இருக்கிறது. நிறுவனங்களின் பெயரிலேயே புள்ளிகளை வரவு வைக்கும் திட்டங்கள் உலகின் பல விமான நிறுவனங்களில் உள்ளன. ஒரே வாடிக்கையாளராக இவ்வளவு சீட்டுகளை வாங்கும் மத்திய அரசு, மூன்று முகவர்கள் வழியாக அத்தகைய கணக்கைக் கேட்டுப் பெறலாம். அல்லது புள்ளிகளுக்குப் பதில் கட்டணத்திலேயே தள்ளுபடி கேட்கலாம். இரண்டும் இயலாதென்றால், அமெரிக்காவைப் போல ஊழியருக்கே வெளிப்படையாக விட்டுக்கொடுக்கலாம். கண்காணிக்க முடியாத விதியை வைத்துக்கொண்டிருப்பதால், அதற்குக் கட்டுப்படும் நேர்மையான அதிகாரிக்கு மட்டுமே இழப்பு ஏற்படுகிறது.