இறுதி மூச்சென்று எண்ணிவிடாதீர்கள்



நலமாயிருந்த ஒருவர் திடீரெனச் சாய்கிறார். அழைத்தால் பதிலில்லை. விட்டுவிட்டு வாயைத் திறந்து, குறட்டை போன்ற ஒலியுடன் மூச்சை இழுக்கிறார். இதனைக் கண்டதும் நம் வீடுகளில் சிலர் மூச்சு இருக்கிறதென்று ஆறுதல் அடைவர். வேறு சிலர் ஸக்ராத் வந்துவிட்டதாகக் கருதி, வாயில் தண்ணீர் விட்டு யாஸீன் ஓதத் தொடங்குவர். இரண்டுமே பிழையான முடிவாகும். அது சுவாசமன்று, இதயம் நின்ற பின்னர் மூளையின் அடிப்பகுதியிலிருந்து எழும் அனிச்சைச் செயல். அவரை மீட்பதற்கு வாய்ப்புள்ள நேரமும் அதுவே. நினைவிழந்தவரின் வாயில் விடும் தண்ணீரோ மூச்சுக்குழாயில் இறங்கிவிடும். (நெடுநாள் நோயில் கிடந்து, இனிச் சிகிச்சையால் பயனில்லை என மருத்துவர்கள் கூறிவிட்டவரின் நிலை வேறு.)

மாரடைப்பும் இதயத் துடிப்பு நிற்பதும் ஒன்றல்ல. மாரடைப்பில் இதயத்திற்கு இரத்தம் செல்லும் குழாய் அடைபடுகிறது. நோயாளி பெரும்பாலும் நினைவோடிருந்து, வலியைச் சொல்வார். அதுவே முற்றித் துடிப்பு நின்றுவிடுவதும் உண்டு. நின்றுவிட்டால் சில நொடிகளில் நினைவு போய்விடும். நான்கைந்து நிமிடங்களில் மூளை சிதையத் தொடங்கும். அதற்குள் ஆம்புலன்ஸ் வந்து சேர்வது அரிது.

ஆகவே ஒருவர் 108-ஐ அழைக்கட்டும். மற்றொருவர், விழுந்தவரைக் கட்டிலிலன்றித் தரையில் மல்லாத்தி, மார்பின் நடுவே உள்ளங்கையின் அடிப்பகுதியை வைத்து, அதன்மேல் மறு கையைக் கோத்து, முழங்கை மடங்காமல் அழுத்த வேண்டும். பெரியவர்களுக்கு ஆழம் 5 செ.மீ.க்குக் குறையவும் 6 செ.மீ.க்கு மிகவும் கூடாது. நிமிடத்திற்கு 100 முதல் 120 முறை அழுத்த வேண்டும். ஒவ்வோர் அழுத்தத்திற்குப் பின்னும் மார்பு முழுமையாக மேலெழ விட வேண்டும். இரண்டு நிமிடத்திற்கொருமுறை ஆள் மாறுவது நலம். வாயோடு வாய் வைத்து ஊதப் பழகாதவர் இடைவிடாமல் அழுத்தினாலே போதும். நீரில் மூழ்கியவர்க்கும் குழந்தைகளுக்கும் மட்டும் மூச்சு ஊதுவதும் மிக அவசியம். விலா எலும்பு முறியுமோ என அஞ்சுவர், முறிவதும் உண்டு. ஆனால் எலும்பு பின்னர் கூடிவிடும்.

இம்முறையை 1960-இல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸிலிருந்து வெளியிட்ட மூவரில் இருவர் பொறியாளர்கள், ஒருவரே மருத்துவர். ஆதலால், நமக்கேது மருத்துவ அறிவு என்று ஒதுங்கத் தேவையில்லை.

விழுந்தவர் பெண்ணாயிருப்பின் அந்நிய ஆடவர் தயங்கி நிற்பர். உயிர் போகும் நிர்ப்பந்தத்தில் சிகிச்சைக்காகத் தொடுவதை மார்க்கச் சட்ட அறிஞர்கள் அனுமதித்துள்ளனர். ஆடையின் மேலேயே அழுத்தலாம். அருகில் இம்முறையறிந்த பெண் இருந்தால் அவர் செய்யட்டும். இல்லையெனில் அவரைத் தேடி நிமிடங்களைக் கழிக்க வேண்டாம்.