மலர் தூவிய கைகள்

2019-ஆம் ஆண்டு டிசம்பர் 6-ஆம் நாள். ஐதராபாத் நகருக்குச் சற்றுத் தொலைவில், ஷாத்நகரை அடுத்த சட்டான்பள்ளிப் பாலத்தருகே மக்கள் பெருந்திரளாகக் கூடினர். அங்கு நின்ற காவல் துறையினர்மீது மலர் தூவினர், வாழ்த்தொலி எழுப்பினர், பட்டாசு கொளுத்தினர். காவலரைத் தோள்மீது தூக்கிக் கொண்டாடியவர்களும் உண்டு. அன்று விடியுமுன் அவ்விடத்தில் நான்கு பேர் காவல் துறையினரால் சுட்டுக் கொல்லப்பட்டிருந்தனர்.

அந்நால்வர்மீது சாட்டப்பட்ட குற்றம் கொடியது. அதே ஆண்டு நவம்பர் 27-ஆம் நாள் இரவு, இளம் பெண் கால்நடை மருத்துவர் ஒருவர் கற்பழிக்கப்பட்டுக் கொல்லப்பட்டார். அவருடைய உடலும் எரிக்கப்பட்டது. பெண் மக்களைப் பெற்ற எந்தத் தாய்தான் அச்செய்தியைக் கேட்டபின் அமைதியாக உறங்கியிருப்பாள்? ஆகவே, சுடப்பட்ட செய்தி வந்தபோது, ‘செய்தது சரியே’ என்று நம்மில் பலர் சொன்னோம். பிள்ளைகளின் காதில் விழும்படியே சொன்னோம். அந்தச் சொல்லை இன்று சற்று எண்ணிப் பார்ப்பது நம் கடமை.

காவலர் பக்கம் நின்று பேசுவோர் கூறுவதை நாம் எளிதில் தள்ளிவிட முடியாது. வழக்குகள் ஆண்டுக்கணக்கில் நீள்கின்றன, சாட்சிகள் மாறுகின்றனர், பணமுள்ளவன் தப்பிக்கிறான். நாம் திருவிழாக் காணும் நாளில் காவலர் வெயிலில் நிற்கிறார். நாம் ஓடும் திசைக்கு எதிராக அவர் ஓட வேண்டியிருக்கிறது. நம் பங்குகளிலும் அத்தகைய குடும்பங்கள் உண்டு. பணிக்குச் சென்ற கணவர் நலமுடன் திரும்ப வேண்டுமே என்று செபமாலை சொல்லிக் காத்திருக்கும் மனைவியரை நாம் அறிவோம்.

ஆனால் அன்று சட்டான்பள்ளியில் நடந்தது என்ன? கைதிகள் துப்பாக்கிகளைப் பறித்துத் தாக்கியதால் சுட நேர்ந்தது என்று காவல் துறை கூறியது. உச்ச நீதிமன்றம் அமைத்த, நீதியரசர் சிர்புர்கர் தலைமையிலான குழு இதனை ஆராய்ந்தது. அக்கூற்று நம்பத்தக்கதன்று என்றும், கொல்லும் நோக்குடனேயே அவர்கள் சுடப்பட்டனர் என்றும் 2022-ஆம் ஆண்டு வெளியான அதன் அறிக்கை கூறியது. இறந்தவருள் மூவர் பதினெட்டு வயது நிரம்பாதவர் எனக் கண்ட அக்குழு, காவலர் பத்துப் பேர்மீது கொலை வழக்கு நடத்தவும் பரிந்துரைத்தது. நால்வரும் குற்றவாளிகள்தாமா, அவரவர் பங்கு எவ்வளவு என்பதை எந்த நீதிமன்றமும் விசாரித்துச் சொல்ல வழியின்றிப் போயிற்று.

இன்னொன்றையும் நாம் மறந்துவிட்டோம். மகளைக் காணாமல் தவித்த குடும்பத்தார் அன்றிரவு காவல் நிலையம் சென்றபோது, எல்லையைக் காரணம் காட்டித் தம்மை அலைக்கழித்ததாக முறையிட்டனர். வழக்குப் பதியத் தாமதித்ததற்காகக் காவலர் மூவர் தற்காலிகப் பணிநீக்கம் செய்யப்பட்டனர். முதல் இரவில் செய்திருக்க வேண்டிய எளிய கடமையைப் பற்றிய கேள்வி, பத்து நாள்களுக்குள் மலர்க்குவியலின் அடியில் மறைந்துபோயிற்று. துப்பாக்கியைக் கண்டு கைதட்டும்போது, தவறிய கடமைக்குக் கணக்குக் கேட்கும் உரிமையை நாமே இழந்துவிடுகிறோம்.

அப்படியானால் காவலரின் வீரம் என்பது வெறும் பேச்சா? அன்று. மும்பையில் 2008-ஆம் ஆண்டு நவம்பர் 26-ஆம் நாள் இரவு நிகழ்ந்ததை நினைவுகூர்வோம். கிர்காம் கடற்கரைச் சாலையில் பயங்கரவாதிகள் இருவர் வந்த காரைக் காவலர் மறித்தனர். துக்காராம் ஓம்பளே என்னும் உதவிச் சார்பு ஆய்வாளர் கையில் இருந்தது ஒரு தடி மட்டுமே. அஜ்மல் கசாபின் துப்பாக்கிக் குழலை அவர் இறுகப் பற்றிக்கொண்டார். குண்டுகள் உடலைத் துளைத்தும் பிடியை விடவில்லை. அவர் உயிர் துறந்தார். கசாப் உயிருடன் பிடிபட்டான். நாடு அவருக்கு அசோகச் சக்கர விருதளித்துப் போற்றியது.

கசாபைச் சிறையிலேயே கொன்றிருந்தால் கேட்பார் யார்? ஆயினும் அவன்மீது வழக்கு நடந்தது, சாட்சிகள் விசாரிக்கப்பட்டனர், மேல்முறையீடுகளும் கேட்கப்பட்டன. 2012-இல்தான் அவன் தூக்கிலிடப்பட்டான். அதே வழக்கில் குற்றம் சாட்டப்பட்ட வேறு இருவர், போதிய சான்று இல்லாமையால் விடுவிக்கப்பட்டனர். விசாரணையின்றி முடித்திருந்தால் அவ்விருவரும் மாண்டிருப்பர். நாமும் மலர் தூவியிருப்போம்.

நம் மண்ணிலும் இத்தகைய வீரம் வெளிப்பட்டதுண்டு. 2020-ஆம் ஆண்டு ஜூன் மாதம், ஊரடங்கு நேரத்தை மீறிக் கைப்பேசிக் கடையைத் திறந்துவைத்ததாகச் சாத்தான்குளத்தில் தந்தையும் மகனும் காவல் நிலையத்திற்குக் கொண்டுசெல்லப்பட்டனர். சில நாள்களில் இருவரும் அடுத்தடுத்து உயிரிழந்தனர். இரவு முழுவதும் அவர்கள் அடிக்கப்பட்டனர் என்று நீதித்துறை நடுவரிடம் சாட்சி கூறியவர், அதே நிலையத்தில் பணிபுரிந்த பெண் தலைமைக் காவலர். அச்சத்துடனேயே சொன்னார், ஆனாலும் சொன்னார். காவல் துறையைப் போற்றி ஐந்து திரைப்படங்கள் எடுத்ததற்காக இயக்குநர் ஹரி வருத்தம் தெரிவித்து அறிக்கை வெளியிட்டதும் அந்நாள்களில்தான். அப்படங்களைக் கண்டு கைதட்டிய நாம் எந்த அறிக்கையும் வெளியிடவில்லை.

கட்டுண்டு நின்ற இயேசுவின் கன்னத்தில் காவலன் ஒருவன் அறைந்ததைத் தவக்காலந்தோறும் தியானிக்கிறோம். கட்டுண்டவனை அடிப்பதற்கு வீரம் வேண்டியதில்லை என்பதை அறியாதவர்களா நாம்?

சட்டமும் வழி காட்டியிருக்கிறது. கைதானவரை 24 மணி நேரத்திற்குள் நடுவர்முன் நிறுத்த வேண்டும் என்கிறது அரசியலமைப்பு. உறவினருக்குத் தெரிவிக்க வேண்டும், 48 மணி நேரத்திற்கு ஒருமுறை மருத்துவப் பரிசோதனை வேண்டும் என்று 1996-இல் உச்ச நீதிமன்றம் விதித்தது. துப்பாக்கிச் சூட்டில் ஒருவர் இறந்தவுடனேயே காவலருக்கு வீரப் பரிசோ சிறப்புப் பதவி உயர்வோ அளித்தல் கூடாது, வீரம் ஐயமற நிறுவப்பட்ட பின்னரே அளிக்கலாம் என்று 2014-இல் அந்நீதிமன்றமே கூறியது. நீதிமன்றம் அரசுக்குச் சொன்ன அந்தப் பொறுமை நமக்கும் வேண்டும்.

அன்புப் பெற்றோரே, ‘நாலு அடி கொடுத்தால்தான் உண்மை வரும்’ என்று நாம் வீட்டில் சொல்லும் சொல் வீட்டோடு நிற்பதில்லை. நாளை காக்கிச் சீருடை அணியப் போகும் மகனும் மகளும் அதைக் கேட்டு வளர்கின்றனர். துக்காராம் ஓம்பளேயின் கதையையும் அந்தத் தலைமைக் காவலரின் கதையையும் இன்றிரவு உணவு வேளையில் அவர்களுக்குச் சொல்வோம். யாரைக் கண்டு மலர் தூவ வேண்டும் என்பதை அவர்களே அறிந்துகொள்வார்கள்.